வானம் தோண்டினோம்

எங்கள் பொன்னமராவதிப் பக்கத்தில் வீட்டுக்கு அஸ்திவாரப் பள்ளம் எடுப்பதை 'வானம் தோண்டுவது' என்பார்கள். தலைக்கு மேலே இருக்கிற வானத்தை ஊரே பார்க்கிறது. காலுக்குக் கீழே தோண்டுகிற இந்த வானத்தை நாலு நாளைக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. நிரப்பி மூடிவிட்டால் அது இருந்த இடமே தெரியாது. மறைத்துவிடுவதற்கென்றே மனிதன் செய்கிற வேலைகள் உலகத்தில் மிகக் குறைவு. அதனால்தானோ என்னவோ, அதில் நேர்மையாக இருப்பதும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

மண் விஷயத்தில் நாங்கள் பாக்கியசாலிகள். எங்கள் மனையில் ஒன்றரை அடி செம்மண். அதற்குக் கீழே கடப்பாரைக்கு 'ணங்' என்று பதில் சொல்லும் சரளை. பக்கத்து நார்த்தாமலையில் விஜயாலய சோழீசுவரத்தைக் கட்டியவர்கள் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே மலைப் பாறைமேல் கோயிலை நிறுத்திவிட்டுக் கவலையற்று இருந்தார்கள். மழையில் உப்பி, கோடையில் பிளக்கிற கரிசல் மண்ணில் வீடு கட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும், அவர்கள் படுகிற பாடு.

"நாலடி போதுங்க ஐயா. இதுமேல யானை நின்னாலும் அமுங்காது" என்றார் மேஸ்திரி. நானும் ஒப்புக்கொண்டேன்.

முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று அளந்து மூலைமட்டம் பார்த்தார்கள். பள்ளத்தின் அடியில் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்தார்கள். ஒரு பங்கு சிமெண்டு, நாலு பங்கு மணல், எட்டுப் பங்கு ஜல்லி என்று கலந்து நாலங்குலத்துக்குப் படுக்கை போட்டார்கள். அதன்மேல் கம்பி வலை. கம்பி கீழே படாமல் இருக்க இரண்டங்குலக் கனத்தில் சிமெண்டு வில்லைகள். ஈரம் எட்டினால் கம்பி துருப் பிடிக்கும், துரு உப்பும், உப்பினால் கான்கிரீட்டே வெடித்துவிடும். இதுவரை மேஸ்திரிக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் ஒன்றும் இல்லை. தகராறு வந்தது தண்ணீரில்.

சிமெண்டு தன் எடையில் சுமார் கால் பங்குத் தண்ணீரோடுதான் ரசாயனமாகச் சேருகிறது. ஐம்பது கிலோ மூட்டைக்குப் பன்னிரண்டு லிட்டர் சொச்சம். மற்றத் தண்ணீரெல்லாம் கலவையை இளக்கிக் கையாளுவதற்காக ஊற்றுவது. வேலை முடிந்ததும் அது வெளியேறும். வெளியேறிய இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாக நிற்கும். தண்ணீர் கூடக் கூடப் பலம் குறையும் என்பதை டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்கர் 1918-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். கம்பி போட்ட அஸ்திவாரத்துக்கு 1:1½:3 கலவையில், மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு இந்தியத் தர விதியும் சொல்கிறது. மணலில் ஈரம் இருந்தால் அதையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கோடு நான் ஒரு வாளியில் கோடு கிழித்துக்கொண்டு கலவை இயந்திரத்தின் பக்கத்தில் நின்றேன்.

"ஐயா, இப்படிக் கெட்டியாப் போட்டா பாண்டை விட்டு எறங்காதுங்க. இன்னும் அரை வாளி ஊத்திக்கிறேன். வேலை சுளுவா ஓடும்" என்றார் மேஸ்திரி.

கூடாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் தலையில் பாண்டோடு நின்ற சித்தாள் அம்மாள் போகவில்லை. ஐம்பது வயசு இருக்கும்.

"ஐயா வீட்டுக்குப் பலம் வேணும், சரி. எங்க தோளுக்கும் பலம் வேணுமில்ல?" என்றாள்.

இதற்கு ஏப்ரம்ஸிடம் பதில் இல்லை. ஒரு பாண்டுக் கலவை ஏறக்குறைய இருபது கிலோ. இளகிய கலவையானால் சாய்த்தவுடன் வழுக்கி விழும். கெட்டியானால் பாண்டைத் தட்ட வேண்டும், உதற வேண்டும், சமயத்தில் கையால் வழித்துவிட வேண்டும். அதிலும் இப்போது வருவது ஆற்று மணல் அல்ல. கருங்கல்லை உடைத்த எம்-சாண்ட். மூலைமூலையாக இருக்கிற அதன் துகள்கள் இலேசில் நழுவாமல் முரண்டு பிடிக்கும். அந்த அரை வாளித் தண்ணீரை மேஸ்திரி கேட்டது சோம்பலால் அல்ல. ஆறு ஆள் செய்ய வேண்டியதை நாலு ஆளை வைத்துச் செய்யச் சொன்னால் எட்டாவது மணி நேரத்தில் எந்தக் கையும் தண்ணீரைத்தான் தேடும். தண்ணீர் விஷயத்தில் விதி சொன்னது சரி. அந்த அம்மாள் சொன்னதும் சரி.

இன்னும் இரண்டு ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினோம். பாண்டை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பவேண்டாம் என்று ஏற்பாடு. கலவையைக் குத்திவிட வைப்ரேட்டர் ஒன்றும் வாடகைக்கு வந்தது. தலைவாசல் கதவில் பித்தளைக் குமிழ்கள் வைக்க ஒதுக்கியிருந்த தொகை அதற்குச் சரியாகப் போயிற்று. குமிழ் இல்லாவிட்டால் கதவு திறக்க மாட்டேன் என்றா சொல்லப் போகிறது?

இவ்வளவு கறாராகத் தண்ணீரை அளந்துவிட்டு, மறுநாளே அதைக் குடம் குடமாகக் கொட்ட வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. கான்கிரீட் உலர்ந்து இறுகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது குடித்து இறுகுகிறது. காய்ந்துவிட்டால் அதன் வளர்ச்சி நின்றுபோகும். சாதாரண சிமெண்டானால் ஏழு நாள், சாம்பல் கலந்த சிமெண்டானால் பத்து நாளாவது ஈரச் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். ஏழாம் நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பலம் வரும். முழுக் கணக்கு 28-ஆம் நாளில். கலக்கும்போது கஞ்சனாகவும், வார்த்த பிறகு கர்ணனாகவும் இருக்கச் சொல்லுகிற பொருள் இது. அரியலூர் வட்டாரத்துச் சிமெண்டுக்கு இந்தத் தாகம் இருப்பதில் ஆச்சரியமும் இல்லை. அங்கே வெட்டுகிற சுண்ணாம்புக்கல், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அந்த இடத்தில் கிடந்த கடலின் அடியில் படிந்ததுதானே!

வீடு எழும்பினால் வருகிறவர்கள் தரைக்கு என்ன கல் போட்டீர்கள், சுவருக்கு என்ன வர்ணம் என்று கேட்பார்கள். கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டிய அவசியம் வராமல் இருப்பதுதான் அஸ்திவாரத்தின் பெருமை.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சிமெண்டு எத்தனை மூட்டை, கம்பி எத்தனை டன், ஜல்லி எத்தனை யூனிட் என்று மதிப்பீடு எழுதித் தருவார்கள். அதில் கான்கிரீட் போடுகிற நாளுக்கான ஆள் கூலி என்று ஒரு வரி இருக்கும். மற்ற வரிகளில் பேரம் பேசுங்கள். அந்த வரியில் மட்டும் இரண்டு ஆள் கூட்டி எழுதுங்கள். விதி கேட்கிற பலம் அந்த ஆட்களின் தோள் வழியாகத்தான் பள்ளத்துக்குள் இறங்குகிறது.