இட்டேரி ஓரத்தில் ஒரு பேட்டரி மெஷின்

தாராபுரத்திலிருந்து மூலனூர் போகிற பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் எனக்கு வேறு பொழுதுபோக்கு தேவையில்லை. சாலையின் இரண்டு பக்கமும் கொரங்காடு. செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம். மழை பெய்தால் கொழுக்கட்டைப்புல் பச்சை கட்டும், பெய்யாவிட்டால் வைக்கோல் நிறத்தில் படுத்துக்கிடக்கும். நடுநடுவே வெள்வேல மரம். அதன் நெற்று உதிர்கிற காலத்தில் ஆடுகளுக்குக் கொண்டாட்டம். இவற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்கு முள்கிளுவை வேலி. புல்லும் மரமும் வேலியும் சேர்ந்ததுதான் கொரங்காடு. காங்கயம் மாடு வளர்ந்தது இந்த வேலிக்குள்தான். காலையில் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால், மேய்க்க ஆள் வேண்டாம்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரன். கொடிவேரி அணைத் தண்ணீரில் நெல்லும் வாழையும் வைக்கிற ஊர். எங்களுக்கு எல்லை என்றால் வரப்புதான். அக்காவை மூலனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகுதான் வேலி என்பது ஒரு பயிர் மாதிரி, அதற்கும் பண்டுதம் பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்தது.

பேருந்தை விட்டு இறங்கி அக்கா வீட்டுக்குப் போக ஒன்றரை கிலோமீட்டர் இட்டேரியில் நடக்க வேண்டும். மற்ற மாவட்டத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு தோட்டங்களின் உயிர்வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடம்தான் இட்டேரி. கிளுவை மட்டும் இருக்காது. சங்கஞ்செடி, காரை, திருகுகள்ளி, அதன்மேல் பிரண்டை, கோவைக்கொடி, வேலிப்பருத்தி, முசுமுசுக்கை என்று பின்னிக்கிடக்கும். சளி பிடித்தால் அக்கா மருந்துக்கடைக்குப் போவதற்கு முன்னால் இட்டேரிக்குத்தான் போவாள். காலை நேரத்தில் நடந்தால் கௌதாரி ஒன்று காலடியிலிருந்து கிளம்பி நம்மைத் தூக்கிவாரிப் போடும். கீரி குறுக்கே ஓடும்.

இந்த ஆனியில் போனபோது இட்டேரியின் முதல் பாதி மொட்டையாக இருந்தது. வடக்குத் தோட்டத்துக்காரர் பொக்லைன் வைத்து வேலியைப் பிடுங்கி, கல்லுக்கால் நட்டுக் கம்பிவலை இழுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கிளுவை வேலியைக் கவனிக்காமல் விட்டால் பத்தடி அகலத்துக்குப் பரந்து, தோட்டத்தையும் தின்று தடத்தையும் அடைத்துவிடும். கழிக்க ஆள் வேண்டும். கொடுவாளும் முள்ளுக்கவையும் எடுத்துக்கொண்டு வேலி கழிக்க வந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். முள்ளில் கை கிழித்துக்கொள்ள அவர்கள் ஏன் வரவேண்டும்?

மச்சானுக்கு 68 வயது. முழங்கால் வலி. நான்கு ஏக்கரா கொரங்காட்டு வேலியை ஆள் பிடித்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை கழித்துக்கொள்கிறார். தொல்லை வீட்டைச் சுற்றியிருக்கிற 20 சென்ட் காய்கறித் தோட்டத்து வேலிதான். இட்டேரி ஓரமாகக் கிளுவை, வாசல் பக்கம் மருதாணியும் செம்பருத்தியும், வடக்கே நொச்சி, தென்மேற்கு மூலையில் திருகுகள்ளி. ஒரு மழை பெய்தால் எல்லாம் தழைத்துக்கொண்டு வந்துவிடும். அந்தச் சின்ன வேலைக்கு ஆள் வருவதில்லை. "பிடுங்கிப்போட்டுட்டு வலை கட்டிரலாமுங்கப்பா" என்று மகன் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஆட்டுக்குத் தழைக்கு எங்கே போவது என்பது அவள் கேள்வி. கடைசியில் சமாதானமாக ஒரு பெட்டி வந்தது. பேட்டரியில் ஓடுகிற வேலி வெட்டும் மெஷின், இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர். ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

நீளமான மூக்கோடு இருக்கும் சலூன் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பல்வரிசைத் தகடுகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. பல்லுக்கு நடுவே மாட்டுகிற தண்டு அறுபட்டு விழுகிறது. அக்கா வீட்டு மெஷினுக்குத் தகடு 50 சென்டிமீட்டர். எடை மூன்று கிலோவுக்குள். இரண்டு கைப்பிடியிலும் சுவிட்ச் உண்டு. இரண்டையும் அழுத்தினால்தான் ஓடும், ஒரு கையை எடுத்தால் நின்றுவிடும். அந்தச் சுவிட்சைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் போன பிறகு கயிற்றை அவிழ்த்துப் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை ஓட்டிக் காட்டினான். "மாமா, கொடுவாள் மாதிரி வீசக்கூடாதுங்க. வேலியோட ஒட்டி வெச்சு, கீழே இருந்து மேலே மெதுவா கொண்டுபோனாப் போதுங்க." மருதாணி வேலி அரை மணி நேரத்தில் சுவர் மாதிரி நின்றது. மச்சான் இரண்டு முனையிலும் குச்சி நட்டுச் சணல் கட்டிக்கொடுத்தார். சணல் இல்லாவிட்டால் உச்சி அலை அலையாகத்தான் வரும். அடிப்பக்கம் அகலமாகவும் உச்சி ஒடுக்கமாகவும் விடச் சொன்னதும் அவர்தான். உச்சியை அகலமாக விட்டால் அடியில் வெயில் விழாமல் இலை கழிந்து, கோழி நுழைகிற ஓட்டை விழும். அறுபது வருடமாகக் கொடுவாளில் செய்த வேலை. மெஷின் வந்தால் மட்டும் கணக்கு மாறிவிடுமா?

கிளுவைக்கு வந்தபோதுதான் மெஷினின் எல்லை தெரிந்தது. இந்த வருடத்து இளந்தளிர், பென்சில் கனத்துக் குச்சி எல்லாம் சரசரவென்று விழுந்தன. போன வருடத்துக் கிளை, பெருவிரல் கனம், பல்லுக்கு நடுவே மாட்டி மெஷின் உறுமி நின்றுவிட்டது. மாப்பிள்ளை பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் மாட்டிய குச்சியைப் பிடுங்கினான். அது ஒன்றே எனக்கு அவன்மேல் மரியாதையைக் கூட்டியது. பேட்டரி மாட்டியிருக்கும்போது பல்லில் கை வைக்கவே கூடாது.

பல் இடைவெளி 16 மில்லிமீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தது. அதாவது சுண்டுவிரல் கனம். அதற்கு மேல் முற்றிய கிளைக்குக் கொடுவாள்தான். அதனால் கொரங்காட்டு வேலியை மூன்று வருடம் வளரவிட்டுக் கழிக்கிற வேலைக்கு இந்த மெஷின் ஆகாது. வீட்டு வேலியை வருடத்துக்கு மூன்று முறை, தளிர் முற்றுவதற்கு முன்னால் கழிக்கிறவர்களுக்குத்தான் ஆகும். வாங்கலாமா என்று இந்தப் பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதிக்கு எழுத நினைப்பவர்கள், முதலில் தங்கள் வேலியில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்துவிட்டு எழுதலாம்.

பேட்டரியைப் பற்றி ஒரு சங்கதி. ஒரு கடையில் 18 வோல்ட் என்பார்கள், அடுத்த கடையில் 20 வோல்ட் என்று கூடுதல் விலை சொல்வார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஐந்து லித்தியம் செல் வரிசைதான். முழுக்கச் சார்ஜ் ஏறியவுடன் 20, ஓடும்போது சராசரி 18. பார்க்க வேண்டியது ஆம்பியர்-மணி. 2 என்று போட்ட பேட்டரியைவிட 4 என்று போட்டது இரண்டு மடங்கு நேரம் ஓடும், எடையும் கூடும். ஓடி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாமல் அரை மணி ஆறவிட வேண்டும். தகரக் கொட்டகைக்குள் சித்திரை வெயிலில் பேட்டரியை வைத்தால் அதன் ஆயுள் போச்சு. அக்கா அதை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரியில் வைத்திருக்கிறாள். உப்பு ஜாடியை மட்டும் தள்ளிவைக்கச் சொன்னேன்.

கிளுவையை வெட்டுவதற்கு முன்னால் மச்சான் ஒரு தடியால் வேலியைத் தட்டிக்கொண்டே போனார். பாம்புக்காக. ஓரிடத்தில் நின்று கையைக் காட்டினார். உள்ளே கொண்டைக்குருவிக் கூடு, மூன்று முட்டை. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு முழம் விட்டுவிட்டு வெட்டினோம். கொடுவாளால் கழிக்கும்போது கண் ஒவ்வொரு கிளையாகப் போகும், கூடு தானாகத் தெரியும். மெஷின் கண்ணைவிட வேகமாகப் போகிறது. இன்னொன்றும் அப்படித்தான் கண்ணுக்குத் தப்பியது. எந்தக் காலத்திலோ கட்டிய முள்கம்பி கிளுவைத் தண்டுக்குள் புதைந்து கிடந்தது. 'டங்' என்று ஒரு சத்தம், ஒரு பல் முனை மழுங்கிவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை படுத்துவிட்டான். எனக்கு மெஷின் ஆசை விடவில்லை. மிச்சம் இருந்தது தென்மேற்கு மூலைத் திருகுகள்ளி. இலையில்லாத பச்சைக் குச்சிகள், எல்லாம் பென்சில் கனம். மெஷினுக்கு இதைவிட வாட்டமான செடி இருக்காது என்று நினைத்தேன். நினைத்தது சரிதான், வாழைத்தண்டை அறுக்கிற மாதிரி அறுத்தது.

ஆனி மாதம் அந்தப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று. நான் நின்றது வேலிக்குக் கிழக்கே, தோட்டத்துக்கு உள்ளே. காற்று வேலியைத் தாண்டி என் முகத்துக்கு வந்தது. கொடுவாளால் வெட்டினால் கள்ளிப்பால் சொட்டும். இந்தப் பல் வேகமாக ஓடுவதால் சொட்டவில்லை, தூவியது. கண்ணாடி போடவில்லை. காலையில் மாப்பிள்ளை போட்டிருந்த கண்ணாடி திண்ணையில் கிடந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வேர்வை என்று நினைத்துத் துடைத்தேன். துடைத்த கையிலும் பால். பிறகு வலது கண்ணில் மிளகாய்ப் பொடியைக் கொட்டினாற்போல் எரிச்சல். நான் போட்ட சத்தத்தில் அக்கா ஓடிவந்தாள். தொட்டிக் குழாயில் ஹோஸைச் சொருகி, என்னைத் திண்ணையில் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்துத் தண்ணீரை விட்டாள். ஐந்து நிமிடத்தில் "போதும் அக்கா" என்றேன். "சும்மா கெட" என்று இருபது நிமிடம் விட்டாள். பக்கத்து வீட்டுப் பாட்டி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். அக்கா வாங்கிக் கீழே வைத்துவிட்டாள்.

தாராபுரத்தில் கண் மருத்துவர் கருவிழியின் மேல்தோல் வெந்திருப்பதாகச் சொன்னார். அக்கா உடனே கழுவியதால் பிழைத்தது, எண்ணெயோ தாய்ப்பாலோ விட்டுக்கொண்டு நாளைக்கு வந்திருந்தால் பேச்சே வேறு என்றார். அன்று இரவு தூங்கவில்லை. கழுவிய பிறகும் வலி கூடிக்கொண்டேதான் போனது. ஐந்து நாள் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிந்தது. சொட்டுமருந்தில் மெல்லத் தெளிந்தது. கோபிக்குத் திரும்ப வேண்டியவன் ஒரு வாரம் அங்கேயே கிடந்தேன்.

மச்சான் திட்டவில்லை. மூன்றாம் நாள் காற்றாடக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது, "கள்ளிக்கு எப்பவும் காத்துக்கு முதுகக் காட்டித்தான் நிக்கணும் மாப்ளே. வெட்டினதும் எட்டிப் போயிரணும். மெஷின்னா எட்டிப் போக எடமில்லையே" என்றார். கொடுவாளை வீசிவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போகலாம். மெஷினைப் பிடித்தவன் முகம் வேலியிலிருந்து இரண்டு முழத்தில்தான் இருக்கிறது. கள்ளிக்கு இனி மெஷின் இல்லை என்று அந்த வீட்டில் முடிவாகிவிட்டது. மற்ற செடிகளுக்கும் கண்ணாடி போடாமல் யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. முள் தெறித்தாலும் கண்தான்.

கள்ளிப்பாலும் கிளுவைப் பிசினும் ஒட்டிய தகட்டை மாப்பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு துடைத்தான். முதலில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணி, பிறகு காய்ந்த துணி, கடைசியில் தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு. தண்ணீரில் கழுவக்கூடாது. மழுங்கிய பல்லை அரத்தால் தீட்டியதில் பாதி சரியாகிவிட்டது.

வெட்டிய கிளுவைத் தழையை ஆடுகள் இரண்டு நாளில் காலி செய்தன. கொடுவாளால் கழித்த கனத்த கிளைகளை மச்சான் முழங்கை நீளத்துக்கு நறுக்கி நிழலில் அடுக்கி வைத்திருக்கிறார். வேலியில் கோழி நுழைகிற ஓட்டை நான்கு இருக்கிறது. அடுத்த மழைக்கு முன்னால் அங்கே போத்து நட்டுவிடுவாராம். வடக்குத் தோட்டத்துக்காரர் ஒருநாள் சாயங்காலம் வந்து மெஷினைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருடைய தோட்டத்தின் மேற்குப் பக்க வேலி இன்னும் பிடுங்காமல்தான் நிற்கிறது. விலை என்ன என்று கேட்டார், பேட்டரி எத்தனை வருடம் வரும் என்று கேட்டார். மூன்று வருடமா நான்கா என்பது வைத்திருக்கிற இடத்தைப் பொறுத்தது என்றான் மாப்பிள்ளை.

புறப்படுகிற அன்று காலை இட்டேரியில் நடந்தேன். வெயில் கண்ணைக் கூசியது. கொண்டைக்குருவிக் கூட்டில் மூன்று முட்டையும் பொரிந்திருந்தது. மாப்பிள்ளை பேருந்து நிறுத்தம் வரை வந்து, "கார்த்திகையில மறுபடி வெட்டோணுங்க மாமா, வந்திருங்க. இன்னொரு கண்ணாடி வாங்கி வெச்சிருக்கறனுங்க" என்றான்.