ஃபார்மெட் பண்ணாமல் ஓர் இடமாற்றம்

கம்ப்யூட்டர் ஸ்லோ ஆயிடுச்சு என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "ஃபார்மெட் பண்ணிடலாம்." எங்கள் ஆபீஸில் அது சரியான பதில்தான். கோப்புகள் ஏதோ ஒரு சர்வரில் இருக்கும், மென்பொருள்களை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பென்னாகரத்தில் இருக்கும் என் தங்கச்சியின் லேப்டாப்புக்கு அது பொருந்தாது.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ப்ளஸ் டூ படிக்கும்போது அவளுக்குக் கிடைத்தது அது. உள்ளே விண்டோஸும் இருக்கும், டெபியனை அடிப்படையாக வைத்து சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும். நான் அதற்கு முன்பே படிப்பை முடித்து பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டேன். அவள் அந்த லேப்டாப்போடு ஊரிலேயே இருந்தாள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பேங்குக்குக் கடிதம் என்று ஊர்க்காரர்களுக்கு மனு டைப் பண்ணித் தருகிறாள். அந்த வீட்டில் அவள் கைக்கென்று வரும் காசு அது மட்டும்தான்.

சிக்கல் எழுத்துருவில் இருந்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010 ஜூனில். ஆனால் பழைய எழுத்துருக்களின் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மனு முழுக்கக் கிறுக்கல். அவளுடைய விசைப்பலகை மென்பொருள் வந்த சிடி எப்போதோ தொலைந்துவிட்டது. கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பத்து வருஷ வேலை வாசிக்க முடியாததாகிவிடும். வீட்டைச் சாமானோடு தூக்கி வைக்கிற மாதிரி, ஆபரேட்டிங் சிஸ்டத்தையே அப்படியே நகர்த்த வேண்டும்.

மெதுவாகக் காரணம் ஹார்ட் டிஸ்க். நிமிஷத்துக்கு 5400 சுற்று, அதாவது விநாடிக்கு 90. தேடும் தகவல் முனைக்குக் கீழே சுற்றி வரவே சராசரியாக ஐந்தரை மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. போதாததற்கு, பழைய வட்டில் சில இடங்கள் கெட்டுப்போக ஆரம்பித்திருந்தன.

480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை யுஎஸ்பி பெட்டியில் போட்டு, பென் டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி, டிடிரெஸ்க்யூவை ஓடவிட்டேன். எது பழையது, எது புதியது என்று கொள்ளளவை வைத்து இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். திசை மாறினால் காலி வட்டு நிறைந்த வட்டின்மேல் எழுதப்பட்டுவிடும். டிடிரெஸ்க்யூ நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். எதுவரை முடித்தது என்று ஒரு குறிப்புக் கோப்பிலும் எழுதிக்கொண்டே போகும். அதை பென் டிரைவில் வைத்திருந்தேன்.

பாதியில் கரன்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது.

"அண்ணா, எல்லாம் போச்சா?"

"இல்ல பாப்பா, விட்ட இடத்துலேர்ந்து போகும்."

கரன்ட் வந்ததும் அப்படியே போனது. கடைசியில் படிக்க முடியாமல் நின்றது 8 கேபி மட்டும். பழைய வட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். நகலுக்கும் மூலத்துக்கும் அடையாள எண் ஒன்றேதான், இரண்டையும் சேர்த்துச் செருகி பூட் பண்ணினால் கணினி குழம்பிவிடும். விண்டோஸ், பாஸ் இரண்டும் எழுந்தன. அவள் ஒரு பழைய மனுவைத் திறந்தாள். எழுத்து எழுத்தாகவே வந்தது. பழைய வட்டைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தாள்.

இதோடு முடிந்துவிடவில்லை. வட்டு மாறியிருக்கிறது, எழுத்து இன்னும் மாறவில்லை. அந்த மனுக்கள் இப்போதும் ஒரே ஒரு கணினியில்தான் தமிழாக இருக்கின்றன. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வேலை இருக்கிறது. அதைத் தானே கற்றுக்கொண்டு செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.