சேர்ந்து நின்றால் ஒரு பொருள்

டென்மார்க்கில், ஆர்ஹூஸ் நகரில் வாழும் மகளின் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கியிருந்தோம். அங்கேயே பிறந்து வளர்ந்த ஏழு வயதுப் பேத்திக்குத் தமிழ் விளங்கும். ஆனால் வாய் திறந்து பேசமாட்டாள். அவளுடைய டேனிஷ் மொழியோ எங்களுக்குச் சிறிதும் விளங்கவில்லை. பேத்தியோடு பேச வேண்டுமே என்னும் ஏக்கத்தால் முதுமையில் மாணாக்கர் ஆனோம். ஆசிரியை அவளே.

எங்களை முதலில் மருட்டியவை அம்மொழியின் நீண்ட தொகைச்சொற்கள். வேலையில்லாதோர் பெறும் உதவித்தொகையைக் குறிக்கும் சொல்லில் 28 எழுத்துகள். நடுவில் இடைவெளி கிடையாது. 'வேலை', 'அற்ற', 'தன்மை', 'உதவி' ஆகியவற்றை ஒன்றாய்ச் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். இத்தகைய சொல்லை வாலிலிருந்து பார்க்க வேண்டுமாம். புளியமரம் என்பது மரம் ஆவது போல, அங்கும் இறுதிச் சொல்லே தலைமைச் சொல். தொகையின் பாலும் அதனைப் பின்பற்றியே அமையும்.

இடையிடையே 'ஸ்' என்றோர் ஒலி வருகிறது. புளி, காய் இரண்டும் சேரும்போது 'அம்' சாரியை தோன்றிப் புளியங்காய் ஆகிறதன்றோ? ஏறத்தாழ அது போன்றதே இதுவும். 'வீன்' என்பது திராட்சை மது, 'க்லாஸ்' கிண்ணம். இரண்டும் இடையே எதுவுமின்றிச் சேர்ந்து 'வீன்க்லாஸ்' ஆகும். ஆனால் முன்னால் 'சிவப்பு' என்னும் சொல்லும் வந்துவிட்டால், கிண்ணத்துக்கு முன் ஒரு 'ஸ்' புகுந்துவிடும். சிவப்பும் மதுவும் ஒரு கூட்டு, கிண்ணம் தனி. வெட்டவேண்டிய இடம் இதுவே என்று அந்த 'ஸ்' காட்டுகிறது. விலக்குகளும் உண்டு. (எடுத்துக்காட்டு குடியைப் பற்றியதாகிவிட்டது, அன்பர்கள் பொறுத்தருள்க!)

எழுத்து வசப்பட்ட பின்னரும் உச்சரிப்பு வசப்படவில்லை. ஒருநாள் பேத்தியுடன் இறைச்சிக் கடைக்குச் சென்று, ஆட்டுக்குட்டித் தொடையைக் குறிக்கும் 'லாமெலோர்' என்னும் சொல்லை நிறுத்தி நிதானமாக, 'லாமெ', 'லோர்' எனச் சம அழுத்தத்துடன் கூறினோம். கடைக்காரர் புன்னகையோடு இறைச்சியை எடுத்துத் தந்தார். பேத்தியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் கேட்டது முடங்கிப்போன தொடைகளையாம்!

முதற்சொல்லில் முழு அழுத்தம். அடுத்தவை அதற்கு அடங்கி ஒலிக்க வேண்டும். அந்த ஓர் அழுத்தமே பல சொற்களை ஒரு சொல்லாகக் கட்டுகிறது. 'டான்ஸ்க்', 'லேரர்' இரண்டையும் தனித்தனியே அழுத்தினால், டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர். முன்னதை மட்டும் அழுத்தி ஒன்றாய்ச் சொன்னால் அம்மொழியைக் கற்பிப்பவர். இவர் தமிழராகவும் இருக்கலாம்.

இன்னொரு நுட்பம் எங்களுக்குக் கடைசிவரை கைவரவில்லை. டேனிஷ் சொற்கள் பலவற்றில் குரல் தொண்டைக்குள் ஒரு கணம் இடறும். புகைவண்டியைக் குறிக்கும் 'டோவ்' தனித்து நிற்கையில் அவ்வாறு இடறும். புகைவண்டி நேர அட்டவணையைக் குறிக்கும் தொகையில் முதற்சொல்லாக அமைந்தால் இடறலின்றி வழுக்கிச் செல்லும்.

அன்று மாலை எங்கள் முறை. நம்மிடமும் இப்படி உண்டு என்று சொல்லி, 'கீரைக்கடை' என்றால் கீரை விற்கும் இடம், 'கீரை கடை' என்றால் கீரையை மத்தால் மசிக்கச் சொல்லும் ஏவல் என விளக்கினோம். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பாட்டி அடுப்படியில் பசலையை வேகவைத்துக் கொண்டிருந்தாள். பேத்தி மத்தை எடுத்து வந்து நீட்டினாள்.

"பாட்டி, கீரை... கடை," என்றாள், நடுவில் நன்றாக நிறுத்தி.