கரும்பலகையில் எழுதிய ஒரு வரி

1983-ல் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனேன். அந்த மலை ஜாகீர்தார்கள் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினால் சரிவெல்லாம் சாமை. பிள்ளைகள் தூக்குவாளியில் கூழ் கொண்டுவருவார்கள். மூடியைத் திறந்தால் வகுப்பு முழுக்கப் புளிப்பு வாடை.

"இது கெட்டுப்போனது. கிருமி இருக்கும். சுடச்சுட நெல்லுச்சோறு ஆக்கித் தரச்சொல்லு உங்க அம்மாவ" என்பேன். கரும்பலகையில் பெரிதாக எழுதியும் போட்டேன்: கிருமி நம் எதிரி. நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் படித்தார்கள்.

முழுப் பொய் இல்லை அது. ஓடைத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பாதியைத்தான் சொல்லிக்கொடுத்தேன். மீதிப் பாதியை இந்த வயதில்தான் படிக்கிறேன்.

நம் குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் கனம்தான். அதற்கு இந்தப் பக்கம் கோடானுகோடி பாக்டீரியாக்கள். அந்தப் பக்கம் உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் ஏராளம். இவ்வளவு நெருக்கத்தில் இருந்தும் ஓயாமல் சண்டை நடக்காதது எப்படி? கிருமியே படாமல் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த எலிகளுக்குக் குடலில் எதிர்ப்புத் திசு சரியாக வளர்வதே இல்லை. அந்தச் செல்களுக்குப் பாடம் நடத்துகிறவை இந்தப் பாக்டீரியாக்கள்தான்.

நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை தின்று, பியூட்டிரேட் என்ற அமிலத்தை விடுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுவே சாப்பாடு. அதோடு, அங்கே சுற்றும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களில் ஒரு பகுதியை 'நெறிப்படுத்தும் டி செல்'களாக அது மாற்றுகிறது என்று 2013-ல் எலிகளிடம் கண்டார்கள். தாக்கப் பாய்கிற மற்ற செல்களைத் தடுத்து நிறுத்துவது இவற்றின் வேலை. இப்படியொரு செல் இருப்பதை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-ல் காட்டினார். அடக்கும் செல் என்ற பேச்சையே மற்றவர்கள் கைவிட்டிருந்த காலம் அது, அவர் விடவில்லை. 2025-ல் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடு நோபல் பரிசு அவருக்கு வந்தது. எல்லாப் பாக்டீரியாவும் சாந்தம் போதிப்பதில்லை. குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இழை வடிவப் பாக்டீரியா ஒன்று, எலிகளிடம் சண்டைக்கார டி செல்களை வளர்க்கிறது. உடம்புக்கு இரண்டும் வேண்டும். அடிக்க மட்டும் கற்றுக்கொண்ட படை, சொந்தக் குடலையே புண்ணாக்கிவிடும்.

வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. நமக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், காலரா நோயாளிகளுக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்தார்கள். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்க, அந்த அமிலம் உப்பையும் நீரையும் உடம்புக்குள் இழுத்துக்கொள்ள உதவியது. பேதி சீக்கிரம் நின்றது. 2000-ல் அந்த ஆய்வு வெளியானது. ஒரு கிருமி கொண்டுவந்த நோயில், குடலில் குடியிருக்கும் கிருமிகளே கைகொடுத்திருக்கின்றன. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆக்கி ஆறிய சோற்றிலும் அப்படிச் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது. உரலில் குத்திய சாமையிலோ தவிட்டு நார் மிச்சம் இருக்கும். நான் மூடச்சொன்ன தூக்குவாளிகளே நினைவுக்கு வந்தன.

போன தை மாதம் மலைக்குப் போனேன். சாமைக் காடு இருந்த சரிவுகளில் மரவள்ளி நிற்கிறது. பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு அழைத்துப்போனான். அவன் அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். ஆவி பறக்கும் நெல்லுச்சோற்றை இலையில் போட்டார்.

"அம்மா, கூழ் இருந்தா ஒரு சொம்பு குடுங்க" என்றேன்.

"கூழா? சாமை வெதயே வூட்டுல இல்லயே சார். வெத போயி எவ்ளோ நாளாச்சு" என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "அதுல கிருமின்னு நீங்கதான சொன்னீங்க?"