வெறுங்கட்டில்

லண்டனில் பிள்ளை பார்க்க வருகிற எங்கள் சனம் குழந்தைக் கட்டிலுக்குள் எட்டிப் பார்த்ததும் ஒரு கணம் பேசாமல் நிற்கும். பிறகு யாராவது ஒரு பெரியவர் கேட்டுவிடுவார்: "ஏன் பிள்ளை, தலைக்கு வைக்க ஒரு துணிகூட இல்லையோ?"

பேத்தி பிறந்தபோது என் மகளின் வீட்டில் அந்தக் கட்டிலில் இருந்தது இவ்வளவுதான்: அழுத்தினால் அமுங்காத தட்டையான மெத்தை, இழுத்துச் செருகிய ஒற்றை விரிப்பு, கையில்லாத உறக்கப் பைக்குள் என் பேத்தி. தலையணை, போர்வை, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, கரடிப் பொம்மை எதுவும் இருக்கவில்லை. கம்பிகளுக்கு இடையே ஆறரை சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது. அதற்கு மேல் போனால் உடல் நழுவி, தலை மாட்டிக்கொள்ளலாம். ரேடியேற்றருக்கும் ஜன்னல் திரைக் கயிற்றுக்கும் எட்டத்தில்தான் கட்டிலைப் போடவேண்டும். முப்பத்தோராம் நாள் போட்ட பஞ்சாயுதச் சங்கிலி, விருந்தாட்கள் போனதும் கழுத்திலிருந்து கழன்று அலுமாரிக்குப் போய்விட்டது. சொந்தக்காரர் அன்போடு கொண்டுவந்த சோடி சேர்ந்த குட்டிப் போர்வையும் பஞ்சுத் தடுப்பும் இன்னும் பெட்டி உடையாமல் கிடக்கின்றன.

எங்கள் ஊர்ப் பாசம் சேர்த்துக்கொண்டே போகிற பாசம். ஒரு பொட்டு, ஒரு கறுப்புக் காப்பு, வசம்பு, தொப்பி, அதற்கு மேல் இன்னொரு சீலை. எடுத்துவிடுவதும் பாசம்தான் என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். எனக்கே அது விளங்க மூன்று பிள்ளைப்பேறு எடுத்தது: மகள், மகன், பேத்தி.

மகள் பிறந்தது 1989இல். தென்லண்டன் ரூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. ஆஸ்பத்திரியில் தாதி பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, கன்னத்தை ஒருபக்கம் திருப்பி, இப்படித்தான் படுக்கவைக்கவேண்டும் என்று காட்டித் தந்தார். பால் கக்கினால் தொண்டையில் சிக்காதாம், நன்றாகத் தூங்குமாம். தூங்கினாள் என்பது உண்மை. பிறகு ஊரிலிருந்து மாமி வந்துசேர்ந்தார், ஆங்கிலத்தில் "தாங்க்யூ" மட்டும் தெரியும். "குப்புறப் போட்டால் மூச்சு முட்டுமெல்லோ? எந்த ஊர்ப் படிப்பு இது?" பகலில் நான் தாதி சொன்னபடி கவிழ்த்துப் போடுவேன். இரவு நான் கண்ணயர்ந்ததும் மாமி எழும்பிவந்து நிமிர்த்திவிட்டுப் போவார். விடிய எழும்பிப் பார்த்தால் பிள்ளை முகட்டைப் பார்த்துக் கைகாலை ஆட்டிக்கொண்டு கிடக்கும். இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை பேச்சு வந்ததில்லை. மாமி மருமகள் சண்டை எத்தனையோ விதம்; இது சத்தமில்லாத விதம்.

அந்தத் தாதியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவருக்குப் படிப்பித்தது அதுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பொக்கின் பிள்ளை வளர்ப்புப் புத்தகம் 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளிலிருந்து குப்புறப் படுக்கவைப்பதைத்தான் சொன்னது. மேற்கு நாடுகளில் கிட்டத்தட்ட ஒரு தலைமுறையே அப்படித் தூங்கியது. இரவு நல்ல சுகமாகக் கிடத்திய பிள்ளை காலையில் உயிரோடு இல்லை என்ற செய்தி, எண்பதுகளில் பிரித்தானியாவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விழுந்துகொண்டிருந்தது. பிரிஸ்டலில் மருத்துவர் பீற்றர் ஃபிளெமிங்கின் குழுவும் நியூசிலாந்தில் இன்னொரு குழுவும் வீடு வீடாக விசாரித்துக் கண்டுபிடித்த முக்கியமான வேறுபாடு, பிள்ளை எந்தப் பக்கம் பார்த்துப் படுத்தது என்பதுதான். குப்புறக் கிடக்கிற பிள்ளை விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். உடம்புச் சூடு வெளியேறாது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து சட்டென்று விழித்துக்கொள்ளவும் மாட்டாது. 'நன்றாகத் தூங்கும்' என்று நாங்கள் மெச்சியதற்குள்ளேயே ஆபத்து இருந்தது.

1991 ஜூலையில் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்டின் நான்கு மாத மகன் செபஸ்ரியன் தொட்டிலில் இறந்துபோனான். அவர் நியூசிலாந்துக்குப் போய், குப்புறக் கிடத்தவேண்டாம் என்று சொன்னதால் அங்கே கிடைத்த பலனைப் பார்த்துவந்து அரசாங்கத்தை நெருக்கினார். அந்த டிசம்பரிலேயே 'மல்லாக்கக் கிடத்துங்கள்' என்ற இயக்கம் தொடங்கியது. தொலைக்காட்சியில் அவரே வந்து சொன்னார். ஆங்கிலம் தெரியாத மாமிக்கும் படத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். தூக்கத்தில் திடீரென்று நேரும் இந்தத் 'தொட்டில் மரணங்கள்' அதன்பிறகு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தன. 1970 வாக்கிலேயே கிடைத்திருந்த சான்றுகளை ஒழுங்காகச் சேர்த்துப் பார்த்திருந்தால் பிரித்தானியாவில் மட்டும் பத்தாயிரம் குழந்தைகள் பிழைத்திருப்பார்கள் என்று 2005இல் ஒரு ஆய்வு கணக்குப் போட்டது. மகன் 1992இல் பிறந்தபோது அதே ஆஸ்பத்திரியில் மல்லாக்கக் கிடத்திக் காட்டித் தந்தார்கள்.

இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிலருக்குப் புளகாங்கிதம் வந்துவிடும். "பார்த்தியளோ, எங்கடை ஆட்களுக்கு அப்பவே தெரியும்!" அந்த ஒன்று தெரியும். மற்றதெல்லாம்? மாமி அதே பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி போட்டு, இரண்டு போர்வை போர்த்தி, ரேடியேற்றரையும் கூட்டிவிடுவார். போர்த்திக் கிடக்கிற கைக்குழந்தை உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் தலையால்தான் வெளியேற்றும். அறை 16 முதல் 20 பாகைக்குள் இருந்தால் போதும் என்கிறார்கள் இங்கே. ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட அந்த அளவுக்கு இறங்குவது அபூர்வம். மாமிக்கு அது ஐஸ்பெட்டி. கையும் காலும் சில்லென்று இருக்குது என்று பதறுவார். பிள்ளையின் கைகால் அப்படித்தான் இருக்கும். பிடரியிலும் நெஞ்சிலும் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று, வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்கிற ஹெல்த் விசிற்றர் சொன்னதை மட்டும் மாமி ஏற்றுக்கொண்டார். தொட்டுப் பார்ப்பது அவருக்குப் பிடித்த வேலை.

மாமியோடு ஏணை விஷயத்தில்தான் மனஸ்தாபம். ஊரில் எங்கள் வீட்டு வளையில் அம்மாவின் நூல்சேலையைக் கட்டி, முகத்தை மூடாமலிருக்க இடையில் ஒரு தடி கொடுத்திருப்பார்கள். அதில் ஆட்டினால் நித்திரை வராத பிள்ளை இல்லை. ஆனால் ஏணைக்குள் முதுகு வளையும், நாடி நெஞ்சில் முட்டும். சில வாரப் பிள்ளையின் மூச்சுக்குழாய் மிக மெல்லியது. தலை முன்னால் சரிந்தால் அடைபட்டுவிடலாம். கார் சீட்டில் பிள்ளையை நெடுநேரம் தூங்க விடாதே என்று இங்கே சொல்வதும் இதற்காகத்தான். பிரளத் தொடங்கிவிட்டாலோ சேலைக்குள் முகம் புதையும், திரும்ப நிமிர வழியில்லை.

அப்படியென்றால் நாங்களெல்லாம் எப்படிப் பிழைத்தோம் என்று மாமி கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்தவரை எங்கள் வீட்டு ஏணை தனியே ஆடியதில்லை. கயிற்றின் நுனி யாருடைய கால்விரலிலாவது இருக்கும். அம்மம்மா வெற்றிலை இடித்தபடி ஆட்டுவார், பிறகு சின்னம்மா, பிறகு பள்ளிக்கூடம் விட்டுவந்த அண்ணா, வேண்டாவெறுப்பாக. இரவில் பிள்ளை தாயின் பாயில், பக்கத்தில் இன்னும் மூன்றுபேர். ஒரு முனகல் கேட்டால் யாராவது எழும்புவார்கள். ரூட்டிங்கில் என் கணவர் இரவு முழுக்கப் பெற்றோல் ஸ்ரேஷனில், மாமி வரும்வரை வீட்டில் நானும் ஒரு கட்டிலும்தான். எல்லாரும் தூங்கிவிட்ட, அல்லது யாருமே இல்லாத ஆறு மணிநேரத்துக்கும் சேர்த்துத்தான் இந்த நாட்டுக் கட்டிலை வெறுமையாக வைத்திருக்கிறார்கள். பார்க்க ஆள் இல்லாத இடத்தில், பார்க்காவிட்டாலும் தீங்கு செய்ய முடியாத பொருள்கள் மட்டும். அந்தக் கணக்கு பிடிபட்ட நாளிலிருந்து எனக்கு வெறுங்கட்டில்மேல் கோபமில்லை.

பிரட்ஃபோர்ட் நகரத்துப் பாகிஸ்தானியக் குடும்பங்களைப் பற்றிய ஒரு விஷயமும் இதோடு சேரும். தெற்காசியக் குழந்தைகளிடையே தொட்டில் மரணம் வெள்ளைக்காரக் குழந்தைகளை விடக் குறைவாக இருந்தது. டர்ஹம் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஹெலன் பாலும் கூட்டாளிகளும் போய் விசாரித்தபோது, பாதுகாப்பான தூக்கத்துக்கான கையேட்டில் 'வேண்டாம்' என்று போட்டதெல்லாம் அந்த வீடுகளில் இருந்தது: தலையணை, தடித்த போர்வை, தாயின் கட்டிலில் தூக்கம். அதோடு இன்னும் சிலவும் இருந்தன. தாய்மார் புகைப்பதும் குடிப்பதும் மிக அரிது. பிள்ளையைத் தனி அறையில் விடுவது குறைவு. செற்றியில், அதாவது சோபாவில், பிள்ளையோடு தூங்குவது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. குறைந்தது முதல் ஆறு மாதமாவது இரவும் பகலும் நீங்கள் இருக்கும் அறையிலேயே பிள்ளை தூங்கட்டும் என்று இங்கிலாந்து சொல்கிறது. எங்கள் சனத்துக்கு அதைச் சொல்லத் தேவையே இல்லை.

செற்றியைப் பற்றி மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். வயிற்று ஊதலில் கத்துகிற பிள்ளையை இரவு மூன்று மணிக்கு நெஞ்சில் போட்டபடி ரீவிக்கு முன்னால் செற்றியில் சாய்கிற அப்பாமார் எங்கள் ஆட்களிலும் இருக்கிறார்கள். இரட்டை வேலை செய்த களை. கைப்பிடிக்கும் மெத்தைக்கும் இடையில் பிள்ளை நழுவினால் அவருக்குத் தெரியவராது. ஆபத்து ஐம்பது மடங்கு வரை கூடும் என்கிறது தொட்டில் மரணத்தைத் தடுக்கப் பாடுபடும் தொண்டு நிறுவனமான லலபை ட்ரஸ்ட். கண் சொருகுகிறது என்றால், தலையணையும் போர்வையும் விலக்கிய கட்டிலில் போய்ப் படுத்துப் பால் கொடுப்பது செற்றியை விட எவ்வளவோ மேல். இப்போதெல்லாம் மிட்வைஃப்மாரே இதை வெளிப்படையாகப் பேசுகிறார்கள். புகைப்பவர், குடித்தவர், மாதம் முந்திப் பிறந்த அல்லது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளை உள்ளவர் அதையும் செய்யக்கூடாது.

பேத்தி பிறந்தது 2022 வசந்தத்தில். அந்த ஜூலை 19ஆம் திகதி இந்த நாட்டின் வரலாற்றிலேயே முதல்தடவையாக வெப்பம் 40 பாகையைத் தாண்டியது. மகளின் அறையில் முட்டை வடிவ வெப்பமானி சிவப்பாகி, அப்படியே நின்றுவிட்டது. இந்த வீடுகள் சூட்டை அடைத்து வைக்கக் கட்டியவை. கையேடு முழுக்கப் படித்த என் மகள் முதல்முறையாக எனக்குப் போன் எடுத்து, "அம்மா, ஊரிலை சித்திரை வெய்யிலுக்குப் பிள்ளையளை எப்பிடிப் படுக்கவைச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

பகல் முழுக்கத் திரைச்சீலையை இழுத்து மூடச் சொன்னேன், பொழுதுபட்டதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னேன். உறக்கப் பையைக் கழற்றிவிட்டு நப்பி மட்டும். தள்ளுவண்டிக்கு மேல் சீலை போட்டு மூடாதே, உள்ளே வெக்கை அடைக்கும். அடிக்கடி பால் கொடு. காற்றாடி இருக்கட்டும், நேரே பிள்ளைமேல் திருப்பாதே.

"இரவுக்கு?"

"இரவுக்கு ஆராவது பக்கத்திலை இருந்து ஓலை விசிறியாலை விசிறுவினம்."

"ஆர்?"

மருமகனுக்கு அன்று ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. நான் கடைசி ரயிலைப் பிடித்துப் போனேன். இரண்டு மணிவரை அவள் பார்ப்பது, அதற்குப் பிறகு நான் என்று பேசிக்கொண்டோம்.