ஒண்டுக்குடித்தனம்

கரீபியக் கடலிலும் பஹாமாஸ் தீவுகளைச் சுற்றியும் கடற்புல் மண்டிய மணற்பரப்பில் ராணிச் சங்கு மேய்ந்து திரிகிறது. பாசி தின்று ஓர் அடி நீளம் வரை வளரும். அதன் ஓட்டு வாயின் உட்புறம் நல்ல ரோஜா நிறம். உயிரோடு இருக்கும் அந்தச் சங்கின் ஓட்டுக்குள், சதைக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள குழியில், விரல் நீளமே உள்ள ஒரு கரும்பழுப்பு மீன் பகலெல்லாம் பதுங்கியிருக்கும். அதன் பெயரே சங்குமீன்.

இருட்டியதும் அது வெளியே வரும். இறால் வகைச் சிற்றுயிர்களைத் தேடித் தின்னும். விடியும் நேரத்தில் மறுபடி சங்குக்குள் புகுந்துகொள்ளும். இடம் கொடுத்த சங்கின் சதையில் வாய் வைப்பதில்லை. சங்குக்கு அதனால் வரவும் இல்லை, தெரிந்தவரை இழப்பும் இல்லை. நிழல் அங்கே, சாப்பாடு வெளியே. இந்த ஓர் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

எல்லாக் குடித்தனக்காரர்களும் இப்படி இல்லை. கடலட்டையின் உடலுக்குள் குடியேறும் முத்துமீன்களில் சில, இரவில் வெளியே போய் இரை தேடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சிலவோ கடலட்டையின் உள்ளுறுப்புகளையே தின்று வாழும். ஊரில் இரண்டு வகையையும் நாம் பார்த்திருக்கிறோம்.

நானும் படிப்புக்காக அத்தை வீட்டில் தங்கி வளர்ந்தவன்தான். அத்தை ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு எவ்வளவு அரிசி வருகிறது, சாப்பிடும் வாய் எத்தனை என்பது எனக்குத் தெரியும். விடிகாலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவேன். சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்தக் காசில் நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்வேன். "இவன் இருக்கிறதே தெரியலை" என்று அத்தை பக்கத்து வீட்டில் சொன்னது ஒருமுறை காதில் விழுந்தது. அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

ஆனால் தொந்தரவு தராமல் இருந்தால் மட்டும் போதுமா? ராணிச் சங்கு வயதுக்கு வரவே ஏறக்குறைய நான்கு வருஷம் ஆகிறது. அதன் சதைக்காக மனிதர்கள் அள்ளி அள்ளி எடுத்தார்கள். புளோரிடாவில் 1980-களின் நடுவிலேயே அதைப் பிடிக்க முழுத் தடை போட்டார்கள். அது இன்னும் நீக்கப்படவில்லை. 1992-இல் உலக வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. ஓரிடத்தில் சங்குகள் மிகவும் அருகிப்போனால், ஹெக்டேருக்கு 50 என்ற அளவுக்கு, அவை இணை சேர்வதே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் நலிந்தால், எவ்வளவு ஒழுங்கான குடித்தனக்காரருக்கும் கூரை இல்லை. பாவம், மீனால் அதற்கு எதுவும் செய்ய முடியாது. மனிதரால் முடியும்.

என் பேரன் இப்போது சென்னையில் அவன் சித்தி வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிறான். போனில் அவன் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன்பே, சித்திக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, சித்தப்பாவுக்குச் சர்க்கரை பார்த்தார்களா என்று கேட்பேன். பதில் தெரியாமல் விழித்தால், "கேட்டுவிட்டு அப்புறம் கூப்பிடுப்பா" என்று வைத்துவிடுவேன்.