காவல்: நரசிங்கமங்கலத்துச் சபையார்

மதுரைக்கு விருந்தாளி வந்தால் நாம் காட்டும் வழி மாறுவதே இல்லை. காலையில் மீனாட்சியம்மன் கோயில், வெயில் ஏறியதும் திருமலை நாயக்கர் மகால், சாயங்காலம் தெப்பக்குளம், நடுவில் எங்காவது ஒரு ஜிகர்தண்டா. கூட ஒரு நாள் தங்கினால் அழகர்கோயில். அதற்குமேல் ஊரில் பார்க்க எதுவும் இல்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

ஊரைச் சுற்றிக் குன்றுகள் நிற்கின்றன. உயர் நீதிமன்றக் கிளைக்கு வழக்காடப் போகிறவர்களும், ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்குப் படிக்கப் போகிறவர்களும் தினமும் யானைமலையைப் பார்க்கிறார்கள். படுத்திருக்கும் யானை மாதிரியே இருக்கிறது என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த யானையின் மேல் உளி பிடித்து ஏறியவர்கள் இருந்தார்கள் என்பதும், செய்த வேலைக்குக் கீழே பெயரையும் வெட்டிவிட்டுப் போனார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது.

யானைமலை, சமணர்மலை, அரிட்டாபட்டி, கீழவளவு, மாங்குளம், கொங்கர் புளியங்குளம், முத்துப்பட்டி, வரிச்சியூர் என்று இந்தப் பட்டியல் நீளும். இவற்றில் பலவற்றில் இரண்டு காலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. முதலாவது, இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தையது: குகைத்தளத்தில் சமணத் துறவிகளுக்காக வழுவழுப்பாகச் செதுக்கிய படுக்கைகள், தலைமாட்டில் சற்றே உயர்ந்த கல் தலையணை, மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க நெற்றிப் பாறையில் வெட்டிய காடி, அதையொட்டித் தமிழ் பிராமி எழுத்து. மாங்குளத்துக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் பெயரே இருக்கிறது. கொங்கர் புளியங்குளத்தில் ஒருவர் கூரை போட்டுக் கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். இவற்றைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், பாடப்புத்தகத்திலும் ஒரு பத்தி வந்துவிட்டது. இரண்டாவது காலம் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டு. பாறை முகத்தில் புடைப்பாகச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள், இயக்கிகள், அடியில் வட்டெழுத்து. என் கண் இதன் மேல்தான் அதிகம் போகிறது. கோபுரம் கிடையாது, கதவு கிடையாது, நடை சாத்தும் நேரமும் கிடையாது. மேலே வானம், வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கலாம். பொது இடத்துக் கலை என்று இன்று நகரங்களில் சுவருக்கு வண்ணம் அடிக்கிறோமே, அந்தப் பெயருக்கு இவைதான் நம் ஊரில் மூத்த உரிமையாளர்கள்.

தேனி ரோட்டில் போய் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் திரும்பினால் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் ஆலமரங்கள், தாமரைக்குளம், அரிவாளோடு அய்யனார் கோயில். சமணர்மலையின் ஒரு பக்கத்தில் செட்டிப்புடவு என்ற குகை. அதன் வாசலை ஒட்டிய பாறையில் பெரிய தீர்த்தங்கரர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். நீண்ட காதுகளோடு சம்மணமிட்டு நிதானமாக உட்கார்ந்திருக்கும் அவரை ஊர்க்காரர்கள் செட்டியார் என்று சொல்லிவந்திருக்கிறார்கள். யாரோ வசதியான மனிதர் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தோரணை அவருக்கு உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். உருவத்தைச் சுற்றியுள்ள பாறையைக் குடைந்து பள்ளமாக்கி, உடம்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறான் சிற்பி. தலைக்கு மேல் முக்குடை, இரு பக்கமும் சாமரம் வீசுவோர், கீழே சிங்கங்கள் தாங்கும் ஆசனம். இது கருங்கல். ஒரு அடி தவறினால் திருத்த முடியாது, கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு கல் எடுக்கவும் முடியாது, ஏனென்றால் கல் என்பது அந்த மலையேதான்.

குகைக்குள் குனிந்து போய் நிமிர்ந்து மேலே பார்க்க வேண்டும். வளைந்த கூரையில் ஐந்து உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. நடுவில் மூன்று தீர்த்தங்கரர்கள் அசையாமல் அமர்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் நடப்பதுதான் ஆச்சரியம்: சிங்கத்தின் மேல் ஏறிய பெண்ணொருத்தி வில்லை வளைத்து அம்பு தொடுக்கிறாள், எதிரே யானை மேல் ஒருவன் வாளும் கேடயமுமாக வருகிறான். கொல்லாமையைத் தலையாய அறமாகச் சொன்ன சமயத்தின் குகைக்குள் இந்தப் போர்! அவள் இயக்கி, அறத்தின் காவல் தெய்வம் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். மதுரைப் பக்கத்துச் சிற்பிக்குச் சிங்கவாகினியை வேறு எப்படிக் காட்டுவது என்று தெரிந்திருக்காது என்பது என் ஊகம். கொற்றவையைக் காலங்காலமாகக் கும்பிட்ட மண்ணில் வேறு எப்படி வரும்?

அதே மலையின் இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம். படி ஏறிப் போனால் ஒரு சுனை, அதற்கு மேலே பாறையில் எட்டு உருவங்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்த பார்சுவநாதர், நின்றபடியே தவம் செய்து கொடிகள் காலைச் சுற்றிப் படர்ந்த பாகுபலி, மற்ற தீர்த்தங்கரர்கள். அளவு பெரியதல்ல, ஏறக்குறைய கண் மட்டத்தில் வந்துவிடும். அடியில் உள்ள வட்டெழுத்தில், இன்னார் செய்வித்த திருமேனி என்று ஒவ்வொருவர் பெயராக வருகிறது. ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார், அச்சணந்தி அடிகளின் தாயார். மகன் துறவு பூண்டுவிட்டான், ஊர் ஊராக மலை மலையாகத் திரிகிறான். தாய் இந்தப் பாறைக்கு வந்து ஒரு திருமேனி செய்ய ஏற்பாடு பண்ணி, இன்னாரின் தாய் என்று தன்னை எழுதிக்கொள்கிறாள். அவளுடைய ஊர் எது, கூலியாக என்ன கொடுத்தாள் என்பதெல்லாம் கல்லில் இல்லை. இந்த ஒரு வரியைப் படிப்பதற்காகவே பேச்சிப்பள்ளம் படியேறலாம்.

அந்த மகன் லேசுப்பட்ட ஆள் இல்லை. வடக்கே வள்ளிமலை, இந்தப் பக்கம் ஐவர்மலை, உத்தமபாளையம், தெற்கே ஏர்வாடி, சிதறால் வரைக்கும் அவர் பெயர் கல்லில் கிடைக்கிறது. மதுரையைச் சுற்றி மட்டும் யானைமலை, அழகர்மலை, அரிட்டாபட்டி, கொங்கர் புளியங்குளம் என்று பல இடங்கள். செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளக் கல்வெட்டுகளில் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற பள்ளியின் ஆசிரியர், மாணாக்கர் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அருப்புக்கோட்டைப் பக்கம் இருந்த பள்ளி அது. ஆசிரியர் பெயர், அவருடைய மாணாக்கர் பெயர், அவருடைய மாணாக்கர் பெயர் என்று குருவழி சொல்லிப் போகும் அந்த வரிகளில் ஒரு கல்லூரியின் வருகைப் பதிவேடே இருக்கிறது.

இனி யானைமலை. இந்த மலையின் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனிடம் உத்தரமந்திரியாக இருந்த களக்குடி மாறன் காரி அதைக் குடைவித்தார். கலியுக ஆண்டு 3871, அதாவது கி.பி. 770 என்று கல்வெட்டே கணக்குச் சொல்கிறது. குடமுழுக்குக்கு முன்பே அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்து வைத்தார். நூறு வருஷம் கழித்து அதே மலையின் மேலே அச்சணந்தி வருகிறார். பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்குவிக்கிறார். சுண்ணம் பூசி வண்ணமும் தீட்டியிருக்கிறார்கள். வண்ணத்தின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். அடியில் அச்சணந்தியின் பெயரோடு, இது நரசிங்கமங்கலத்துச் சபையார் பாதுகாப்பு என்று வெட்டியிருக்கிறது.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சபை என்பது அக்காலத்தில் பிராமணர் ஊரின் ஆட்சிமன்றம். ஊரின் பெயரே கீழே கோயில்கொண்ட நரசிங்கரின் பெயர். அந்தச் சபையிடம்தான் ஒரு சமணத் துறவி தான் செய்வித்த திருமேனியை ஒப்படைக்கிறார். சபையும் சரி என்கிறது, கல்லில் எழுதவும் விடுகிறது. மதுரையில் ஞானசம்பந்தர் காலத்தில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றிய கதையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு. அந்தக் கதையை விரித்துச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு. நடுவில் இருப்பது இந்தப் பாறைகள். அவை கதையை மறுத்துப் பேசவில்லைதான். ஆனால் அந்தக் கதைக்குப் பிறகும் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு மதுரையின் கண்ணெதிரே சமணர்கள் மலையேறி, ஆட்களை வைத்து, ஊர்ச் சபைகளின் சம்மதத்தோடு சிலை செய்திருக்கிறார்கள். வரலாற்றைப் பகை ஒன்றாகவே படித்துப் பழகிய நமக்கு இது உறைக்க வேண்டிய செய்தி.

அரிட்டாபட்டியிலும் இதே முறைதான். மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் இந்த ஊரின் கழிஞ்சமலையில் கி.மு. 2ஆம் நூற்றாண்டுத் தமிழ் பிராமி இருக்கிறது, நெல்வேலிக்காரர் ஒருவர் கொடுத்த கொடையைச் சொல்கிறது. பக்கத்திலேயே அச்சணந்தி செய்வித்த மகாவீரர், வண்ணத்தின் சாயலோடு. பொற்கோட்டுக் கரணத்தார் பெயரால் செய்வித்தது, பாதிரிக்குடியார் பாதுகாப்பு என்று அங்கே எழுத்து. அதே குன்றின் மற்றொரு பக்கம் முற்காலப் பாண்டியர் சிவன் குடைவரை. வாசலருகே இலகுலீசர் சிற்பம், தமிழ்நாட்டில் அரிதாகக் கிடைப்பது. சைவர் ஒரு புறம், சமணர் ஒரு புறம். மலைக்கு அதில் வழக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

2022இல் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள் என்று அறிவிப்பிலேயே கணக்கு உண்டு. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், இந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. மேலூர் வட்டாரமே தெருவில் இறங்கியது. சட்டமன்றத்தில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அன்றைக்குப் பேரணியில் நடந்த விவசாயிகளில் எத்தனை பேருக்குப் பாதிரிக்குடியார் பற்றித் தெரியுமோ, ஆனால் அவர்கள் செய்தது அந்தப் பழைய காவல் வேலையைத்தான்.

எல்லா மலைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. மேலூர்ப் பக்கத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அடுக்கடுக்காக அறுபட்டுப் போனதை 2012இல் நாடே பேசியது. கீழவளவில் பஞ்சபாண்டவர் மலை தப்பி நிற்கிறது. அதில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு தலைகீழாக, வலமிருந்து இடமாகப் போகிறது. தொண்டிக்காரர் ஒருவர் செய்த பள்ளியைச் சொல்கிறது. வெட்டியவருக்கு எழுத்துத் தெரியாமல் பிரதியைத் திருப்பிப் பிடித்தாரா, பாறையில் தொங்கிக்கொண்டே வெட்டினாரா என்று நீங்களே போய்ப் பார்த்து ஒரு முடிவுக்கு வாருங்கள். சுற்றிலும் குவாரிப் பள்ளங்கள் தெரியும்.

இத்தனை நாள் இவற்றைக் காப்பாற்றியது யார்? தொல்லியல் துறையின் பலகையும் கம்பி வேலியும் நேற்று வந்தவை. அதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் காப்பாற்றியது ஊர்க்காரர்களின் பயபக்தி என்றே நினைக்கிறேன். சமணர்கள் போன பின்பு தீர்த்தங்கரர் செட்டியாரானார், சுனை பேச்சிக்கு உரியதானது, படுக்கைகள் பஞ்சபாண்டவர் படுத்தவை ஆயின. பெயர் மாறினாலும் சாமி இடம் என்ற மரியாதை மாறவில்லை. வழிபாட்டில் இருக்கும் பாறையில் யாரும் வெடி வைக்க மாட்டார்கள். எழுத்தைப் படித்துச் சொல்லும் வேலையைப் பின்னர் அறிஞர்கள் செய்தார்கள். எண்பெருங்குன்றம் என்ற நூலில் வெ. வேதாசலம் இந்த மலைகளை விரிவாகவே பதிவு செய்திருக்கிறார். யானைமலையில் சிற்பநகரம் அமைக்கும் யோசனை எழுந்து, மக்கள் எதிர்த்து, அது கைவிடப்பட்ட 2010இல்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனின் பசுமை நடையும் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக மலையேறி, பாறையில் உட்கார்ந்து கல்வெட்டு விளக்கம் கேட்கும் பழக்கத்தை மதுரைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

இன்றைய ஆபத்து வெடி மட்டும் அல்ல. காதலன் பெயரும் காதலி பெயரும் எனாமல் பெயிண்டில் ஒரு இதயத்துக்குள், ஆயிரம் வருஷத்து எழுத்துக்கு அரை முழம் பக்கத்தில். பாட்டில் சில்லுகள். போட்டோவில் எழுத்து நன்றாக விழ வேண்டுமென்று சாக்பீஸால் நிரப்பிவிட்டுப் போகிற படித்தவர்கள். இவர்கள்மேல்தான் எனக்குக் கூடுதல் கோபம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை வெயில் அல்லது மாலை வெயிலில் போங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் உளிக்கோடு எழுந்து தெரியும், உச்சி வெயிலில் பாறை தட்டையாகிவிடும். தண்ணீர் கொண்டுபோங்கள், பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சிற்பத்தில் எண்ணெய் தடவாதீர்கள், எழுத்தின் மேல் எதையும் தேய்க்காதீர்கள். அடிவாரத்தில் அய்யனார் கோயில் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், ஊர்ப் பெரியவர் யாராவது உட்கார்ந்திருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள். அடுத்த முறை விருந்தாளி வரும்போது தெப்பக்குளத்துக்குப் பதிலாகக் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போங்கள். செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான்.